செவ்வாய்க்கிழமை, காலை பத்து

சிகாகோவில் அந்த ஓட்டலின் ஒன்பதாம் மாடி.
நடைகூடம் நெடுகப் பிள்ளைகள்
சுவரைப் பார்த்து நின்று அழப் பழகிக்கொண்டிருந்தார்கள்.
ஒருத்தி ஐஸ் எந்திரத்திடம் காதலைச் சொன்னாள்.
ஒருவன் தீயணைப்புக் கருவி முன் மண்டியிட்டு
அண்ணனைக் கொன்றதை ஒப்புக்கொண்டான்.
என் எண் இருநூற்றுப் பதினான்கு.
தொண்ணூறு விநாடி தருவார்கள்.
அதற்குள் நான் விதவையாகிவிட வேண்டும்.

அப்பா கீழே, பனிக்காலணியோடு, சோபாவின் நுனியில்.
டுலூத்தில் சாலைக்கு உப்புத் தூவும் லாரி ஓட்டுகிறார்.
எதையும் அளந்து கொட்டுகிறவர்:
கூடினால் ஏரிக்குப் போகும்,
குறைந்தால் யாரோ பள்ளத்துக்குப் போவார்கள்.
லீவு கிடைக்காத மாதத்தில் இரண்டு நாள் வாங்கி வந்தவர்
வழியெல்லாம் பேசவில்லை.
மேடிசன் தாண்டி ஒரே ஒரு தடவை:
"படிப்பு முடிந்து பத்து வருஷம் கழித்து,
ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு
நீ என்ன செய்துகொண்டிருப்பாய், கைசா?"
நான் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினேன்.
சனிக்கிழமை இரவைப் பற்றிக் கேட்டிருந்தால்
சொல்லியிருப்பேன்.

முதல் கல்லூரியின் மேசையில் வழுவழுப்பான புத்தகம்.
அட்டையில் ஒரு பெண் மழையில் நிற்கிறாள்
(மழை இல்லை, குழாய். மேல் ஓரத்தில் தெரிகிறது).
பிராட்வேக்குப் போன மூன்று பேரின் பெயர் சொன்னார்கள்.
வருஷத்துக்கு ஐம்பத்தெட்டாயிரம் டாலர்.
மூன்று போக மிச்சப் பேர் எங்கே என்றேன்.
புன்னகைத்தார்கள். நல்ல பல்.

அடுத்த மேசைக்காரர்
"இங்கே நடிப்பவர்கள் சுத்தியலைத் தொடவே வேண்டாம்" என்றார்,
வரம் கொடுப்பதுபோல.
பள்ளி ஜிம்மில் ஏணி ஏறி விளக்குக் கட்டிய கையை
கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

அயோவாவிலிருந்து வந்த அரசுக் கல்லூரி மேசையில்
மிட்டாய்க் கிண்ணம்கூட இல்லை.
பேராசிரியை ரூஜிச்காவுக்கு ஜலதோஷம்.
அப்பாவின் கேள்வியை என்னுடையதுபோலக் கேட்டேன்.
மூக்கைத் துடைத்துவிட்டு விரல் விட்டு எண்ணத் தொடங்கினார்.
பத்து வருஷத்துக்கு முந்தைய வகுப்பு, பதினொரு பேர்.
"ஒருவன் சொகுசுக் கப்பலில் ஒலிப்பலகை பார்க்கிறான்.
ஒருத்தி நீதிமன்றத்தில் சைகை மொழிபெயர்ப்பு.
ஒருவன் மருத்துவ மாணவர்கள் பழக
கூலிக்கு நோயாளியாக நடிக்கிறான், பித்தப்பைக் கல் அவன் விசேஷம்.
இரண்டு பேர் பள்ளி ஆசிரியர்கள்.
ஒருத்தி ஒமாஹாவில் வீடு விற்கிறாள்,
என் கடிதத்துக்குப் பதில் போடுவதில்லை.
ஒருத்தி நிஜமாகவே நடிக்கிறாள், மினியாப்பொலிஸில்.
செவ்வாய்க் காலையா? பல் டாக்டரிடம் போன் எடுப்பாள்.
மற்ற நான்கு பேர்..."
விரல் நின்றது.
"தெரியவில்லை. தெரிந்து வைத்திருக்க வேண்டும்."

உள்ளே போய் விதவையானேன்.
எழுபதாவது விநாடியில் மேலே குழல்விளக்கு இரைந்தது.
செத்துப்போன கணவனை விட்டுவிட்டு
அதை அண்ணாந்து பார்த்துவிட்டேன்.
ரூஜிச்காவும் பார்த்தார்.

ஏப்ரலில் இரண்டு கடிதங்கள் ஒரே நாளில் வந்தன.
குழாய் மழைக்காரர்களும் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.
உதவித்தொகை, உப்புக்குப் பெறாது.
கடன், வட்டி, மாதத் தவணை எல்லாம்
அப்பா உறையின் பின்பக்கம் எழுதிப் பார்த்தார்,
பிறகு உறையை என் பக்கம் தள்ளிவிட்டுக்
கடைக்குப் போனார். பால் இருந்தது. இருந்தும் போனார்.

அயோவாவுக்கு எழுதிப் போட்டேன்.
தைரியம் என்று யாரும் சொல்லவில்லை, புத்திசாலித்தனம் என்றும்.
வழுவழுப்பான புத்தகம் இன்னும் கட்டிலுக்கடியில் இருக்கிறது.
சில ராத்திரி எடுத்து
அந்தப் பெண் நனைவதைப் பார்க்கிறேன்.

இன்று செவ்வாய். பத்தாகிறது.
வேதியியல் வகுப்பின் ஜன்னலுக்கு வெளியே
கடைசிப் பனியில் ஒரு ஆரஞ்சு லாரி.
ஓட்டுவது அவர்தானா, கண்ணாடி மூடியிருக்கிறது.
எதற்கும் இருக்கட்டும் என்று
கையைத் தூக்குகிறேன்.